மன்னிப்பும் பணிவும்: உளவியல் ஆய்வுகளின் வெளிச்சத்தில்

 



ஒரு குடும்பத்தில் பிணக்கு ஏற்பட்டு அது ஜமாஅத்தின் முன் வரும்போது, பெரியவர்களின் நாவிலிருந்து முதலில் வெளிப்படும் சொல், "மன்னித்து விட்டுவிடுங்கள்" என்பதேயாகும். மயிலாப்பூரின் நெருக்கமான குடித்தனங்களிலும், அடையாற்றின் அடுக்குமாடி வீடுகளிலும், தியாகராய நகரில் தந்தை விட்டுச் சென்ற ஒரே கடையைப் பங்கிட இயலாமல் பிரிந்து நிற்கும் சகோதரர்களிடமும் இதே சொல்தான் சொல்லப்படுகிறது. நல்ல சொல்தான், மார்க்கம் விரும்பும் சொல்தான். ஆனால் அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதைச் சிந்தித்துப் பார்த்தோமா?

பெரும்பாலும் அது அடிபட்டவரிடம் சொல்லப்படுகிறது, ஏமாற்றப்பட்டவரிடம் சொல்லப்படுகிறது, வீட்டுக்கு வந்த மருமகளிடம் சொல்லப்படுகிறது. அநீதி இழைத்தவரிடம், "நீங்கள் இறங்கிச் சென்று உங்கள் தவற்றை ஒப்புக்கொள்ளுங்கள்" என்று அதே உறுதியோடு சொல்லும் நா அரிதாகவே இருக்கிறது.

ஏறத்தாழ 40 ஆண்டுகளாக உளவியல் அறிஞர்கள் மன்னிப்பையும், அதனோடு இணைந்த பணிவையும் முறையாக ஆராய்ந்து வருகின்றனர். மன்னிப்பை ஒருவர் மீதும் பணிவை வேறு ஒருவர் மீதும் ஏற்றிவிட முடியாது என்பதும், பணிவு இல்லாத இடத்தில் கேட்கப்படும் மன்னிப்பு சில வேளை கேடாகவும் முடியும் என்பதும் அந்த ஆய்வுகள் நமக்கு உணர்த்தும் பாடங்களாகும். அவற்றை நம் இல்லங்களோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்னிப்பு என்பது எது? எது அன்று?

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியல் பேராசிரியராக விளங்கும் ராபர்ட் என்ரைட், 1985ஆம் ஆண்டு முதல் மன்னிப்பை ஆராய்ந்து வருபவர். இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர். மன்னிப்பு எதுவன்று என்பதை அவர் முதலில் தெளிவுபடுத்துகிறார். மன்னிப்பது என்றால் நடந்ததை மறப்பது அன்று. தீமையைச் சிறிதென்று சொல்வதும் அன்று. நீதியைக் கைவிடுவதும் அன்று. முறிந்த உறவை மீண்டும் ஒட்டவைப்பதும் மன்னிப்பும் ஒன்றல்ல. கோபம் கொள்ள உரிமை இருந்தும், அதை விட்டு, தீங்கிழைத்தவருக்கும் நன்மையை நாடும் நிலைக்கு உள்ளம் வருவதையே அவர் மன்னிப்பு என்கிறார். உறவு மீண்டும் மலர இருவர் வேண்டும். மன்னிப்பதற்கு ஒருவர் போதும்.

வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் எவரெட் வொர்திங்டன் இன்னொரு வேறுபாட்டைக் காட்டுகிறார். "நான் பழிவாங்க மாட்டேன்" என்று தீர்மானிப்பது ஒன்று. உள்ளத்திலிருக்கும் கசப்பு கரைவது மற்றொன்று. முன்னது ஒரு நாளில் நிகழலாம். பின்னதற்கு மாதங்களும் ஆண்டுகளும் தேவைப்படலாம். ஏட்டறிவை மட்டும் வைத்துக்கொண்டு அவர் இதைச் சொல்லவில்லை. 1996ஆம் ஆண்டு பிறந்த வேளையில், வீடு புகுந்த திருடனால் அவருடைய தாயார் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் பிறருக்குக் கற்பித்ததைத் தம் உள்ளத்தின் மீதே அவர் நடத்திப் பார்க்க நேர்ந்தது.

இந்த வேறுபாடுகள் நமக்குப் புதியவை அல்ல. உஹதுப் போரில் அண்ணலாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றவர் வஹ்ஷீ. பின்னர் அவர் இஸ்லாத்தை ஏற்று வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், பழி தீர்க்கவில்லை. ஆயினும், தம் கண்ணெதிரே வராமல் இருக்க இயலுமா என்று அவரிடம் கேட்டதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மன்னிப்பு முழுமையாக இருந்தது. காயத்தின் வலியும் இருந்தது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. "மன்னித்துவிட்டேன் என்கிறாய், பிறகு ஏன் அவர் வீட்டுக்குப் போக மறுக்கிறாய்?" என்று நம் பெண்களைக் கேட்போர் இந்நிகழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடல் கூறும் சாட்சியம்

2001ஆம் ஆண்டு ஷார்லட் விட்விலியட் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 71 மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். தமக்குத் தீங்கிழைத்த ஒருவரை நினைத்து, அந்த வேதனையை மனத்தில் மீண்டும் ஓட்டிப் பார்க்குமாறு ஒரு கட்டத்தில் கேட்டனர். மற்றொரு கட்டத்தில், அதே மனிதரின் நிலையை உணர்ந்து அவரை மன்னிப்பதாக எண்ணச் சொன்னார்கள். வேதனையை அசைபோட்ட வேளையில் இதயத்துடிப்பு விரைந்தது. இரத்த அழுத்தம் கூடியது. புருவத் தசைகள் இறுகின. தோலில் வியர்வையின் அறிகுறி மிகுந்தது. மன்னிப்பை எண்ணிய வேளையில் இந்த மாற்றங்கள் குறைவாகவே இருந்தன. தீங்கிழைத்தவர் அந்த அறையில் இல்லை. அவரைப் பற்றிய நினைவு ஒன்றே உடலை இவ்வளவு ஆட்டிவைத்தது.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீன் நூலில் கோபத்தைப் பற்றி விரிவாக எழுதும்போது இதையே வேறு சொற்களில் விளக்குகிறார்கள். தீர்த்துக்கொள்ள வழியின்றி விழுங்கப்படும் கோபம் உள்ளே திரும்பி, அங்கேயே தேங்கி, ஹிக்து எனும் வன்மமாக மாறுகிறது என்பது அவர்களின் கருத்து. இந்த வன்மத்தை நீண்ட காலம் சுமப்பவர், தீங்கிழைத்தவரைவிடத் தம்மையே அதிகம் வருத்திக்கொள்கிறார்.

மிகக் கடுமையான காயங்களுக்கும் இது பொருந்துமா? 1996இல் சூசேன் ஃப்ரீட்மன் என்பவரும் என்ரைட்டும் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்கு விடை தேடியது. சிறுவயதில் நெருங்கிய உறவினரால் பாலியல் கொடுமைக்கு ஆளான 12 பெண்களுக்கு, வாரந்தோறும் தனித்தனியே, சராசரியாக 14 மாதங்கள் வரை வழிகாட்டுதல் வழங்கப்பட்டது. மன்னிப்பின் பாதையில் படிப்படியாகச் சென்ற அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கை வளர்ந்தது. 14 மாதங்கள் என்பதை மனத்தில் இருத்துங்கள். ஒரு மாலைப் பஞ்சாயத்தில், அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில், "எல்லாவற்றையும் மறந்து கைகொடுங்கள்" என்று நாம் அவசரப்படுத்துவது எவ்வளவு பொருத்தமற்றது!

இத்தகைய ஆய்வுகளில் பல மேலைநாட்டு மக்களை வைத்தே நடந்தவை. அக்குறையைப் போக்கும் விதமாக, வொர்திங்டனின் முறையைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2024இல் வெளியாயின. ஹாங்காங், இந்தோனேசியா, உக்ரைன், கொலம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் 4,598 பேர் அதில் பங்கேற்றனர். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் தாமே செய்து முடிக்கக்கூடிய பயிற்சிப் புத்தகம் ஒன்று அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. காயத்தை நேர்மையாக நினைவுகூர்தல், தீங்கிழைத்தவரின் நிலையை உணர முயலுதல், தாம் முன்பு பிறரால் மன்னிக்கப்பட்டதை எண்ணி மன்னிப்பை ஒரு கொடையாக வழங்குதல், அதில் உறுதி கொள்ளுதல், கசப்பு திரும்பி வரும்போதும் அவ்வுறுதியைப் பற்றி நிற்றல் ஆகிய ஐந்து படிகள் அதில் உள்ளன. பயிற்சி செய்தவர்களிடம் வன்மமும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன.

நம் மண்ணின் இரு நிகழ்வுகள்

ஆய்வுக்கூடத்திற்கு வெளியே மன்னிப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுகள் உள்ளன.

சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவருடன் வேறு பலரும் உயிரிழந்தனர். அவ்வழக்கில் மரண தண்டனை பெற்ற நளினியின் தண்டனை 2000ஆம் ஆண்டில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அவருக்குக் கருணை காட்டுமாறு திருமதி சோனியா காந்தி கேட்டுக்கொண்டிருந்தார். 2008 மார்ச் 19 அன்று பிரியங்கா காந்தி வேலூர் சிறைக்குச் சென்று நளினியைச் சந்தித்தார். தாம் சந்தித்த வன்முறையோடும் இழப்போடும் சமாதானம் கொள்ளும் வழியாகவே அச்சந்திப்பை அவர் விளக்கினார். 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்ற உத்தரவால், சிறையில் எஞ்சியிருந்த ஆறு பேரும் விடுவிக்கப்பட்டனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய மறுபக்கம் ஒன்று உண்டு. அதே குண்டுவெடிப்பில் உறவினரை இழந்த வேறு சிலரும், காயமுற்ற சிலரும் விடுதலையை எதிர்த்தனர். அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஒருவர் தமக்கு நேர்ந்த காயத்தைத்தான் மன்னிக்க முடியும். பக்கத்து வீட்டாரின் காயத்தை அவர் சார்பில் மன்னிக்க முடியாது. ஜமாஅத் நிர்வாகியோ, மாமனாரோ, மூத்த சகோதரரோ பாதிக்கப்பட்டவரின் பெயரால் மன்னிப்பு வழங்கிவிட முடியாது என்பதும் இதனால் விளங்கும்.

இரண்டாவது நிகழ்வு தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளியைப் பற்றியது. குவைத்தில் பணியாற்றிய அவர், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சகோதரரை 2013இல் கொன்ற குற்றத்திற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டார். கொல்லப்பட்டவரின் வாரிசுகள் மன்னித்தால் மட்டுமே உயிர் தப்பலாம் என்ற நிலை. அவருடைய மனைவி மலப்புரத்திற்கே சென்றார். கொல்லப்பட்டவரின் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்குவதென முடிவாயிற்று. அந்தப் பெண்ணால் திரட்ட முடிந்தது சிறு பகுதியே. பாணக்காடு செய்யித் முனவ்வர் அலீ ஷிஹாப் தங்ஙள் அவர்கள் முன்னின்று எஞ்சிய பெருந்தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் கொல்லப்பட்டவரின் மனைவி மன்னிப்புப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். தமிழகத்து இந்துப் பெண் ஒருவரின் கணவருடைய உயிருக்காகக் கேரளத்து முஸ்லிம்கள் பொருள் தந்தனர்.

இங்கே மன்னிப்பு எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். தீங்கிழைத்தவரின் தரப்பு, இழந்தவரின் வாசலுக்கு இறங்கி வந்தது. இழப்பு மறுக்கப்படவில்லை, ஈடு செய்யப்பட்டது. முடிவு எடுக்கும் உரிமை, இழந்தவரின் கையிலேயே இருந்தது. நடுவில் நின்ற பெரியவர் வெறும் அறிவுரை கூறி நிற்கவில்லை, சுமையில் பங்கெடுத்தார்.

பணிவு: மன்னிப்பின் நுழைவாயில்

பணிவு என்றால் தன்னைத் தாழ்த்திப் பேசுவது என்றே பலரும் எண்ணுகின்றனர். 2000ஆம் ஆண்டில் ஜூன் டேங்னி என்னும் உளவியலாளர் அதற்குத் தந்த விளக்கம் வேறு. தன் திறனையும் குறையையும் உள்ளபடி அறிதல், தவற்றை ஒப்புக்கொள்ளுதல், பிறர் சொல்லும் உண்மைக்குச் செவிசாய்த்தல், தன்னையே மையமாக வைத்து எண்ணாதிருத்தல், பிறரின் மதிப்பை உணர்தல் ஆகியவை பணிவின் கூறுகள் என்றார்.

நல்லாடையும் நற்காலணியும் அணிய விரும்புவது பெருமையா என்று ஒருவர் கேட்டபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தந்த பதில் இங்கே நினைவுக்கு வருகிறது. அழகை அல்லாஹ் விரும்புகிறான் என்றும், கிப்ர் எனும் பெருமை உண்மையை மறுப்பதிலும் மக்களை இழிவாகக் கருதுவதிலும் இருக்கிறது என்றும் அவர்கள் விளக்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். உடுப்பில் எளிமையும் பேச்சில் மென்மையும் இருந்தும், மனைவி சொல்லும் உண்மையை ஏற்க மறுப்பவரிடம் பணிவு இல்லை.

ஜூலி எக்ஸ்லைன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வுகளில், தமக்குத் தனி உரிமைகள் உண்டென எண்ணும் தற்பெருமையாளர்கள் எளிதில் மன்னிப்பதில்லை என்று கண்டனர். 2008இல் வெளிவந்த அவர்களின் இன்னோர் ஆய்வு, "இதைப் போன்ற தவற்றை நானும் செய்யக்கூடியவனே" என்று உணர்பவர்கள் பிறரை மன்னிக்க அதிகம் முன்வருகின்றனர் என்று காட்டியது. தொழுகையில் நாள்தோறும் பாவமன்னிப்புக் கேட்கும் நமக்கு இவ்வுணர்வு இயல்பாகவே வர வேண்டும்.

தீங்கிழைத்தவரின் பக்கம் என்ன நடக்கிறது? ராய் பாமைஸ்டரும் அவருடைய குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு நம் கண்களைத் திறக்கக்கூடியது. ஒவ்வொருவரையும் இரண்டு நிகழ்வுகளை எழுதச் சொன்னார்கள். பிறர் தம்மைக் கோபப்படுத்தியது ஒன்று. தாம் பிறரைக் கோபப்படுத்தியது மற்றொன்று. தீங்குக்கு ஆளான நிலையில் எழுதும்போது, அது தொடர்ந்து வந்த கொடுமைகளுள் ஒன்று என்றும், அதன் பாதிப்பு இன்னும் நீடிக்கிறது என்றும் எழுதினர். தீங்கிழைத்த நிலையில் எழுதும்போதோ, அது என்றோ ஒருநாள் நடந்தது, அதற்குக் காரணம் இருந்தது, அத்துடன் அது முடிந்துவிட்டது என்று எழுதினர். எழுதிய கை ஒன்றே! ஆகவே, "எப்போதோ நடந்ததை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?" என்று நாம் ஒருவரைக் கேட்கும்போது, நாம் தீங்கிழைத்த இடத்தில் நின்று பேசுகிறோமா என்று ஒரு கணம் நின்று பார்ப்பது அறிவுடைமையாகும்.

மன்னிப்புக் கேட்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. டைலர் ஒக்கிமோட்டோவும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்புக் கேட்க மறுப்பவர்களுக்குத் தாம் வலிமையோடு இருப்பது போன்ற உணர்வும் சுயமதிப்பும் கூடுவதாகக் கண்டனர். நஃப்ஸுக்கு அது இனிக்கிறது. அந்த இனிப்பை விடுவதற்கே பணிவு தேவைப்படுகிறது. மன்னிப்பவருக்குக் கண்ணியத்தையே அல்லாஹ் கூட்டுகிறான், அவனுக்காகப் பணிபவரை அவன் உயர்த்தவே செய்கிறான் என்ற நபிமொழியில் மன்னிப்பும் பணிவும் அருகருகே வைக்கப்பட்டிருப்பது எவ்வளவு பொருத்தம்!

மன்னிப்பு தீமைக்குத் துணையாகும் இடம்

நம் குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டிய பகுதி இதுவே. ஜேம்ஸ் மெக்நல்டி என்னும் அமெரிக்க உளவியலாளர் புதுமணத் தம்பதியரை மணவாழ்வின் முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2011இல் தம் முடிவுகளை வெளியிட்டார். எளிதில் மன்னிக்காதவர்களின் துணைவரிடம், சுடுசொல்லும் கைநீட்டலும் காலப்போக்கில் குறைந்தன. எப்போதும் மன்னித்துக்கொண்டே இருந்தவர்களின் துணைவரிடமோ அவை குறையாமல் நீடித்தன. விளைவே இல்லாத தவறு மீண்டும் மீண்டும் நிகழ்கிறது.

2010இல் லாரா லூச்சிஸும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. தீங்கிழைத்தவர் தம் தவற்றுக்குப் பரிகாரம் செய்து, "இனி நீ பாதுகாப்பாக இருப்பாய், உன்னை நான் மதிக்கிறேன்" என்று நடத்தையால் உணர்த்தினால், மன்னித்தவரின் சுயமரியாதை வளர்கிறது. அவ்வாறு உணர்த்தாதவரை மன்னித்தால், மன்னித்தவரின் சுயமரியாதையே தேய்கிறது.

அஷ்ஷூரா அத்தியாயத்தின் 40ஆம் வசனத்தை இப்போது ஓதிப் பாருங்கள். தீமைக்கு அதற்கிணையான பதில் உண்டு என்று கூறிய பின்னரே, மன்னித்துச் சீர்திருத்தம் செய்பவரின் கூலி தன்னிடம் இருப்பதாக அல்லாஹ் கூறுகிறான். மன்னிப்போடு இஸ்லாஹ் எனும் சீர்திருத்தம் சேர்த்துச் சொல்லப்பட்டுள்ளது. அதற்கு முந்திய வசனமோ, அநீதி நேரும்போது தம்மைக் காத்துக்கொள்வோரை நல்லோரின் வரிசையில் வைக்கிறது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்டபோது, அதில் பங்கு கொண்டவர்களுள் மிஸ்தஹ் என்ற ஏழை உறவினரும் ஒருவர். அவருக்கு அளித்துவந்த உதவியை நிறுத்துவதாக அபூபக்ர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். மன்னிக்குமாறு தூண்டும் அந்நூர் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் அருளப்பட்டதும், உதவியை மீண்டும் தொடர்ந்தார்கள். அதே வேளையில், அவதூறு கூறியோருக்குரிய தண்டனை நிறைவேற்றப்பட்டதாகவும் ஹதீஸ் நூல்களில் அறிவிப்பு உள்ளது. தந்தையின் உள்ளம் மன்னித்தது; மகளின் மானத்திற்குரிய நீதியும் நின்றது.

நாம் செய்ய வேண்டியவை

தீங்கிழைத்தவர் செய்ய வேண்டியது: தவற்றைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். "ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துவிடு" என்று பொதுவாகச் சொல்வது போதாது. இழப்பை ஈடு செய்ய வேண்டும். பறித்த பங்கைத் திருப்பித் தர வேண்டும். மன்னிப்பு உடனே கிடைக்காவிட்டாலும் பொறுத்திருக்க வேண்டும். பொற்காசும் வெள்ளிக்காசும் பயன்படாத நாள் வருமுன் இவ்வுலகிலேயே கணக்கைத் தீர்த்துக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியது: பழிவாங்கும் எண்ணத்தை விடத் தீர்மானியுங்கள், கசப்பு கரையக் காலம் எடுத்தால் அதற்காகக் குற்ற உணர்வு கொள்ளாதீர்கள். அடியும் உதையும் தொடரும் வீட்டில் முதல் கடமை உயிரையும் பிள்ளைகளையும் காப்பதே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தமிழகத்தில் 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி மையம் இயங்குகிறது. உதவி தேடுவது மன்னிக்கும் குணத்திற்கு எதிரானது அன்று.

நடுவில் நிற்போர் செய்ய வேண்டியது: சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005ஆம் ஆண்டு முதல் சமரச மையம் செயல்படுகிறது, நீதிமன்றத்தோடு இணைந்த சமரச முயற்சிகளில் நாட்டுக்கே முன்னோடி அது. அங்கே சமரசம் செய்பவர் தீர்ப்பு வழங்குவதில்லை, எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை, பேசப்பட்டவை வெளியே போவதில்லை. நம் ஜமாஅத்துகளும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். இருவரையும் தனித்தனியே கேளுங்கள். பெண்ணின் குரலை அவர் வாயாலேயே கேளுங்கள். "மன்னித்துவிடு" என்று சொல்லுமுன், மறுபக்கத்தாரிடம் "நீர் என்ன சரிசெய்யப் போகிறீர்?" என்று கேளுங்கள். அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுங்கள், அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று அண்ணலார் (ஸல்) கற்பித்திருக்கிறார்கள் அல்லவா?

இன்று இரவு உறங்கச் செல்லுமுன், நம்மைக் காயப்படுத்தியவரை எண்ணுவதற்கு முன்பாக, நம்மால் காயப்பட்ட ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் நம் வீட்டிலேயே இருக்கலாம். அவரிடம் நாமே முதலில் செல்வோம்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களிலிருந்து பெருமையையும் வன்மத்தையும் அகற்றுவானாக! தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவையும், மன்னிக்கும் விரிந்த மனத்தையும், அநீதியைத் தடுக்கும் உறுதியையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.